முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதா கணக்கு?

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பு வருடத்துக்கு ஒரு தடவை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரைச் சுற்றியுள்ள கடலோர ஊர்கள்தான் எல்லை. டாக்டரும் நர்ஸும் வெளியிலிருந்து வருவார்கள். பந்தல், சாப்பாடு, ஆள் திரட்டுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. கணக்கு நோட்டு என் கையில். போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது: முகாம் நன்றாக நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கலாம் என்றார் ஒருவர். எத்தனை பேருக்கு நோய் கண்டுபிடித்தோம் என்பதுதான் முக்கியம் என்றார் அடுத்தவர். “எத்தனை உசுரு பொழச்சுது, அதச் சொல்லுங்க” என்றார் பின்வரிசையில் இருந்த ஓர் ஆத்தா.

மூன்றுமே கேட்க நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் கையில் இருப்பது ஒரே நோட்டு. எல்லாவற்றையும் எழுத ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, அது உண்மையில் என்ன சொல்கிறது, எங்கே நம்மை ஏமாற்றும் என்று பார்த்தேன். இதே மாதிரி முகாம் நடத்துகிற ஜமாத், பங்குப் பேரவை, சங்கம் எதற்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் தலைக்கணக்கு. எல்லா மேடையிலும் வாசிக்கப்படுவது இதுதான். எண்ணுவதும் சுலபம், டோக்கன் புத்தகத்தின் கடைசித் தாளைப் பார்த்தால் போதும். சிக்கல் என்னவென்றால், அதை வகுப்பதற்குக் கீழே ஓர் எண் இல்லை. 400 பேர் வந்தார்கள் என்றால் 500 பேரில் 400ஆ, 5,000 பேரில் 400ஆ? இங்கிலாந்தில் 1988இல் தொடங்கிய திட்டத்தில் 50 வயதிலிருந்து 71ஆவது பிறந்தநாள் வரை உள்ள பெண்களை மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெயர் போட்டுக் கடிதம் அனுப்பி மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, கூப்பிடுகிறார்கள். 100 பேரில் 70 பேர் வந்தால் ஏற்கலாம், 80 பேர் வந்தால் நன்று என்று கோடும் போட்டிருக்கிறார்கள். அங்கே பட்டியல் முதலில், ஆள் அப்புறம். இங்கே பந்தல்தான் முதலில், பட்டியல் கடைசி வரை வருவதில்லை.

நம் நாட்டிலும் வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவர் கையால் மார்பகத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் வகுத்த நடைமுறை சொல்கிறது. ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 100க்கு ஒருவர் கூட இல்லை, 0.9 சதவீதம்தான்.

டோக்கன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து புரட்டினேன். பந்தலுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் நிறைய. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் வந்த அதே பெயர்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் சிலர், அவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையே இல்லை. யார் இல்லை என்று பார்த்தால், பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறவர்கள் இல்லை. நண்டு கம்பெனிக்கு விடிவதற்குள் வேன் ஏறுகிறவர்கள் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய, கருவாடு காயப்போடுகிற அக்காமார் ஒருவர் கூட இல்லை. வயது கூடக் கூடத்தான் இந்த நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. வர வேண்டியவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களை எண்ணிக் கைதட்டியிருக்கிறோம்.

அதனால் தலைக்கணக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்குக் கீழே வகுக்கும் எண் வேண்டும், அவ்வளவுதான். ஊர் ஊராக 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர்ப் பட்டியல் எழுத மகளிர் குழுவுக்கு ஒரு வாரம் போதும். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்காக வீடு வீடாகப் போகிற பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, எத்தனை பேருக்குக் கண்டுபிடித்தோம் என்பது. கேட்பவரை அசத்துகிற எண் இது. ஆனால் நம் மாதிரிச் சின்ன முகாம்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

ஒரு பேச்சுக்கு, நம் எல்லைக்குள் 30 வயதுக்கு மேல் 3,000 பெண்கள் என்று வைப்போம். லட்சம் பேருக்கு வருடத்துக்கு 50 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நம் கணக்கில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இந்த வருடம் மூன்று வரும், அடுத்த வருடம் ஒன்றும் வராது. அது தாயம் விழுவது மாதிரி. முகாமின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இன்னொன்று, முதல் தடவை ஓர் ஊரைச் சலிக்கும்போது பல வருடமாகச் சேர்ந்து கிடந்தது எல்லாம் மொத்தமாக அகப்படும். இரண்டாம் தடவை, இடையில் புதிதாக வந்தது மட்டும்தான் வரும். எண் இறங்கும். விவரம் தெரியாதவர்கள் “போன தடவை நல்லா நடந்துச்சு, இந்தத் தடவை சரியில்லை” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இது தெரிந்துதான் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் முதல் சுற்றுக்கு ஓர் அளவும், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு அதில் பாதி அளவும் வைத்திருக்கின்றன.

நம் கடலோரத்துக்கே உரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. முகாமில் கட்டி என்று பிடிபடுகிற பெண்களிடம் தனியாகப் பேசினால், பாதிப் பேர் அதை முன்பே தொட்டுப் பார்த்தவர்கள். “வலிக்கலையே நர்ஸம்மா, அதான் விட்டுட்டேன்” என்பார்கள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது இன்னும் ஊருக்குள் போய்ச் சேரவில்லை. இப்படி வருகிறவர்களை முகாம் கண்டுபிடித்ததாக எண்ணுவது சரியில்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவரைச் சலித்துப் பார்ப்பது வேறு, கட்டியோடு வருகிறவருக்கு வழி காட்டுவது வேறு. இரண்டும் தேவைதான், ஆனால் நோட்டில் தனித்தனிப் பத்தி வேண்டும். வசதி குறைந்த இடங்களில் இரண்டாவதற்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவருகிறது.

கண்டுபிடித்தது எல்லாம் லாபமும் இல்லை. சில புற்றுகள் அத்தனை மெதுவாக வளர்வதால், பார்க்காமலே விட்டிருந்தாலும் அந்தப் பெண் ஆயுசு முழுக்க ஒரு தொல்லையும் இல்லாமல் இருந்திருப்பார். இங்கிலாந்துத் திட்டத்தைத் தனிக்குழு ஒன்று 2012இல் ஆராய்ந்தது. 50 வயதில் தொடங்கி 20 வருடம் மேமோகிராமுக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேர் சாவிலிருந்து தப்புகிறார்கள், 129 பேர் தேவையில்லாத நோய்ப் பெயரையும் சிகிச்சையையும் சுமக்கிறார்கள் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. ஒரு உயிருக்கு மூன்று பேர். அதற்காக மேமோகிராம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கண்டுபிடித்த எண்ணிக்கையை மட்டும் பெருமையாக வாசிக்கிறவர், இந்த மூன்று பேரையும் சேர்த்து வாசிக்கிறார் என்று தெரிந்து வாசிக்கட்டும்.

மூன்றாவது எண்ணை எங்கள் கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை. வந்தவர்களில் எத்தனை பேரை மேல்பரிசோதனைக்கு அனுப்பினோம், அதில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய்? திருவனந்தபுரத்தில் 30 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,15,652 பெண்களை வைத்து, கையால் பரிசோதிக்கும் முறையை ஆராய்ந்தார்கள். 2011இல் வெளியான முடிவுப்படி, நோய் இல்லாதவர்களில் 100க்கு ஏறக்குறைய 6 பேருக்குச் சந்தேகம் என்று மேல்பரிசோதனைக்குச் சீட்டுக் கொடுக்கப்பட்டது. சீட்டு வாங்கிய 100 பேரில் ஒருவருக்குத்தான் புற்று. நோய் இருந்தவர்களிலோ ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் அந்தக் கைப் பரிசோதனையால் பிடிக்க முடிந்தது, 51.7 சதவீதம்.

இதைப் படித்த பிறகு முகாமில் நாங்கள் பேசுகிற இரண்டு வாக்கியங்களை மாற்றிவிட்டோம். “உங்களுக்குச் சந்தேகமா இருக்கு” என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்வதில்லை. “நூறு பேரை அனுப்பினா தொண்ணூத்தொன்பது பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா பாத்துட்டு வந்துருங்க” என்கிறோம். அதே மாதிரி “உங்களுக்கு ஒண்ணுமில்ல” என்று சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. “இன்னைக்கு ஒண்ணும் தட்டுப்படல, நாளைக்கு ஏதாவது தட்டுப்பட்டா முகாமுக்குக் காத்திருக்காம வாங்க” என்று சொல்லி அனுப்புகிறோம்.

நான்காவது, எந்த நிலையில், அதாவது நோய் எவ்வளவு முற்றியிருந்தபோது, கண்டுபிடித்தோம் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மார்பகப் புற்றுநோய்ச் செயல்திட்டத்தில் உள்ள மூன்று இலக்குகளில் முதலாவது இதுதான்: நோய் கண்டவர்களில் 100க்கு 60 பேராவது ஒன்றாம், இரண்டாம் நிலையிலேயே அகப்பட வேண்டும். நல்ல அளவுகோல். இருந்தாலும் இதை வைத்து உயிரைக் கணக்குப் போட முடியாது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களை வைத்துத் தொடங்கிய ஆய்வு இருபது வருடம் நடந்தது. ஒரு பகுதிப் பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கைப் பரிசோதனை, நான்கு சுற்று; மற்ற பகுதிக்கு அது இல்லை. மூன்றாம், நான்காம் நிலையில் பிடிபட்டவர்கள் பரிசோதித்த பகுதியில் 37 சதவீதம், மற்ற பகுதியில் 47 சதவீதம். தெளிவான வித்தியாசம். சாவு மொத்தத்தில் 15 சதவீதம் குறைந்த மாதிரித் தெரிந்தாலும், அது தற்செயலாக இருக்க முடியாது என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

இதே இடத்தில், “கண்டுபிடித்து ஐந்து வருடம் உயிரோடு இருக்கிறார்கள்” என்கிற எண்ணையும் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு நல்ல எண், உள்ளே பொறி. மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற பஸ்ஸில் ஒருவர் பரமக்குடியில் ஏறுகிறார், இன்னொருவர் ராமநாதபுரத்தில் ஏறுகிறார். பரமக்குடிக்காரர் கூடுதல் நேரம் பஸ்ஸில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் இருவரும் ராமேசுவரத்தில் இறங்குவது ஒரே நேரத்தில்தான். நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் ‘நோயாளியாக இருந்த வருடங்கள்’ தன்னாலே கூடிவிடும். ஆயுசு கூடியிருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது.

சாவு குறைந்ததா என்பதுதான் கடைசித் தராசு, சந்தேகமில்லை. ஆத்தா கேட்டது சரியான கேள்வி. ஆனால் ஒன்றரை லட்சம் பேரும் இருபது வருடமும் இருந்த மும்பைக்கே தீர்ப்பு அரைகுறையாகத்தான் கிடைத்தது. மூவாயிரம் பேரை வைத்துக்கொண்டு நாம் அந்தத் தராசைத் தூக்க முடியாது.

மிச்சம் இருப்பது, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது: சீட்டு வாங்கியவர் பதிலோடு திரும்பினாரா?

பிலிப்பைன்ஸில், மணிலாவில், 1995இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கையால் பரிசோதித்தார்கள். தலைக்கணக்கில் பார்த்தால் அபாரமான வெற்றி. சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்களில் மேல்பரிசோதனையை முடித்தவர்களோ 35 சதவீதம்தான். வீடு தேடிப் போய்ச் சொன்ன பிறகும் 42 சதவீதம் பேர் வர மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். மீதிப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. முதல் சுற்றோடு திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கடலோர ஆசிய நகரம் ஒன்றில் நடந்ததாலோ என்னவோ, இதைப் படித்தபோது பக்கத்து ஊர்க் கதை மாதிரியே இருந்தது.

ஏனென்றால் நம் ஊரிலும் அதுதான் நடந்தது. சில வருடங்களுக்கு முன் வேறொரு அமைப்பு நடத்திய முகாமில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். மேடையில் வந்தவர் எண்ணிக்கையை வாசித்தார்கள், சால்வை போட்டார்கள், வேன் கிளம்பிப் போனது. அக்கா அந்தச் சீட்டைக் குடும்ப அட்டைக்குள் மடித்து வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து என் கண்ணில் பட்டபோது மடிப்பில் கிழிந்திருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டேன். “யாரு கூட வர்றது?” என்றார். நல்லவேளையாக, பார்த்ததில் சாதாரணக் கட்டிதான். அந்த அமைப்பின் அறிக்கையில் அவரும் ஒரு வெற்றி எண்ணாகத்தான் இருந்திருப்பார்.

ஒரு சீட்டின் பயணத்தை யோசித்துப் பாருங்கள். பாம்பன் தீவில் இருக்கிற சின்னப்பாலத்திலிருந்து பாம்பனுக்கு வந்து பஸ் பிடித்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. ஒரு நாள் போய்விடும். ஸ்கேன் ஒரு நாள், ஊசி போட்டுச் சதை எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க இன்னொரு நாள். புற்று என்று ஆனால் அறுவை, கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) என்று மதுரை வரை போக வேண்டி வரலாம், ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை தீவுக்காரர்களுக்கு மண்டபத்துக்கு அந்தப் பக்கம்தான் ரயில். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டாலும், போன நாளின் கூலியைக் கொடுக்காது. பாசி எடுக்கிறவர்களுக்கு நீர் வாகான நாட்கள் மாதத்தில் சில நாட்கள்தான். அதில் ஒன்றை ஆஸ்பத்திரி வரிசையில் கழிக்கச் சொன்னால் யோசிக்கத்தான் செய்வார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மற்ற இரண்டு இலக்குகளும் இந்த இடத்தைத்தான் பிடிக்கின்றன: முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவாக வேண்டும், சிகிச்சை தொடங்கியவர்களில் 80 சதவீதம் பேராவது அதை முழுவதும் முடிக்க வேண்டும். 60 நாள் என்பது நமக்குக் கை விரலில் தெரிகிற அளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். தடை போட்ட அன்று சீட்டு வாங்கினால், படகு மறுபடி கடலுக்குப் போவதற்குள் பதில் கையில் இருக்க வேண்டும்.

இந்த எண்ணின் பெரிய வசதி, ஆள் குறைவு என்பது இதைக் கெடுப்பதில்லை. புற்று வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான், ஆனால் 3,000 பேரையும் பார்த்தால் சீட்டு நூறைத் தாண்டிவிடும். நூறில் எத்தனை திரும்பின என்பது அந்த வருடமே தெரியும். திரும்பாத ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, போய்க் கதவைத் தட்டலாம். மற்ற எண்கள் முகாம் எப்படி நடந்தது என்று பின்னால் சொல்லும். இது மட்டும்தான் நாளைக் காலையில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. “அனுப்பியவர்களில் 90 சதவீதம் பேர் திரும்பினார்கள்” என்று காட்ட வேண்டுமென்றால், வரக்கூடியவர்களுக்கு மட்டும் சீட்டு எழுதினால் போதும். சந்தேகமான இரண்டு பேரை விட்டுவிட்டால் எண் அழகாகிவிடும். ஆகவே இதைத் தனியாக வைக்கக் கூடாது. வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குச் சீட்டு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். திருவனந்தபுரத்தில் 6 சதவீதம் பக்கம் வந்த இடத்தில் நமக்கு ஒன்றோ அரையோ வந்தால், பார்க்கிற கை சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இருபது வந்தால் பயந்து பயந்து எழுதுகிறார்கள், ஊரையே பஸ் ஏற்றுகிறோம்.

சரி, என் முடிவு. முதல் எண், சீட்டு வாங்கியவர்களில் 60 நாளுக்குள் பதில் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பது. அதற்குக் காவலாக, சீட்டுக் கொடுத்த சதவீதம். இரண்டாவது எண், பட்டியலில் உள்ள 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்து வருடத்துக்குள் ஒரு தடவையாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது, அதுவும் ஊர்வாரியாக. எந்த நிலையில் கண்டுபிடித்தோம் என்பதை எழுதி வைப்போம், ஆனால் வருடா வருடம் வாசிக்க மாட்டோம். ஐந்து வருடம் சேர்ந்த பிறகு அக்கம்பக்கத்துக் கூட்டமைப்புகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதில் ஏதாவது தெரியும். கண்டுபிடித்த எண்ணிக்கையை மேடையில் சொல்வதில்லை என்று தீர்மானம் போடச் சொன்னேன். பண உதவி செய்கிறவர் ஒருவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பெரிய மேமோகிராம் வேன் வந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்றார். வேனுக்கு ஆகும் செலவில், சீட்டு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ராமநாதபுரம் போய்வரும் பஸ் காசும், கூட ஒரு துணையும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

நோட்டில் இப்போது ஏழு பத்தி கோடு போட்டிருக்கிறேன். பெயர், ஊர், வயது, முன்பே கட்டி தெரியுமா தெரியாதா, சீட்டுக் கொடுத்த தேதி, பதில் வந்த தேதி, என்ன பதில். ஆறாவது பத்தி காலியாக இருந்தால் பதினைந்தாம் நாள் ஒரு போன், முப்பதாம் நாள் நேரில். துணைக்குப் போக ஊருக்கு ஒருவர் என்று பெயர் எழுதியாயிற்று. கிழிந்த சீட்டோடு இருந்த அந்த அக்காதான் எங்கள் தெருவுக்கு. முகாம் தேதி மட்டும் இன்னும் வைக்கவில்லை. பாசி எடுக்கிறவர்களிடம் எந்த நாளில் கடலுக்குப் போக மாட்டார்கள் என்று கேட்டுச் சொல்வதாகச் சின்னப்பாலத்துக் குழுத் தலைவி சொல்லியிருக்கிறார்.